எல்லை தாண்டிய தொழிலாளர் குழுக்கள்: மதுரை வட்டாரத்துக் கேள்விகள்

மதுரையைச் சுற்றியுள்ள ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிவோர் கேட்டவற்றுக்கு, சம்பளப் பேச்சுவார்த்தைகளில் முப்பது ஆண்டுகள் தொழிலாளர் தரப்பில் அமர்ந்த அனுபவத்தில் பதில் தருகிறேன்.

கேள்வி (கப்பலூர், இயந்திரப் பணியாளர்): ஐயா, எங்கள் கம்பெனியின் தலைமையகம் ஜெர்மனியில் உள்ளது. அங்கே இருக்கும் ஐரோப்பிய ஒர்க்ஸ் கவுன்சிலில் எங்களுக்கு இடம் உண்டா?

பதில்: சட்டப்படி இல்லை. பல நாடுகளில் இயங்கும் ஒரு நிறுவனத்தின் தொழிலாளர் பிரதிநிதிகள், நிர்வாகத்திடம் தகவல் பெறவும் கருத்துச் சொல்லவும் கூடும் குழுதான் இந்தக் கவுன்சில். 1994-இல் பிறந்து 2009-இல் புதுப்பிக்கப்பட்ட ஐரோப்பிய ஒன்றிய விதியின்படி, உறுப்பு நாடுகளில் மொத்தம் 1,000 பேரும், அவற்றுள் குறைந்தது இரண்டு நாடுகளில் தலா 150 பேரும் வேலை செய்யும் நிறுவனத்தில், தொழிலாளர்கள் கோரினால் இந்தக் குழுவை அமைக்க வேண்டும். கப்பலூர் ஆட்கள் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். இரு தரப்பும் மனம் வைத்தால் வெளிநாட்டுப் பிரதிநிதியையும் சேர்க்கலாம். ஜெர்மன் கார் நிறுவனமான ஃபோக்ஸ்வாகனில் அப்படி உலகளாவிய குழுவே உண்டு.

கேள்வி (திருமங்கலம், சங்கச் செயலாளர்): ஆலை மூடலை இத்தகைய குழுவால் தடுக்க முடியுமா?

பதில்: தடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை, தகவல் பெறுவதும் கலந்தாலோசிக்கப்படுவதும் மட்டுமே அதன் உரிமைகள். 1997 பிப்ரவரியில் பிரெஞ்சு கார் நிறுவனமான ரெனோ, ஏறத்தாழ 3,100 பேர் வேலை செய்த பெல்ஜியத்தின் வில்வோர்ட் ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. குழு இருந்தும் அதனிடம் முன்கூட்டிக் கலந்தாலோசிக்கவில்லை. நிர்வாகம் கடமை தவறியது என்று பிரெஞ்சு, பெல்ஜிய நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. ஆயினும் அதே ஆண்டில் ஆலை மூடப்பட்டது. முகூர்த்தம் முடிந்தபின் ஜாதகம் பார்ப்பதைப் போன்ற கலந்தாலோசனையால் பயனில்லை என்பதால்தான், முடிவு எடுக்கும் முன்பே கருத்துக் கேட்கப்பட வேண்டும் என்பதை 2009 விதி தெளிவாக்கியது. என் கணிப்பில், இக்குழுக்கள் தொழிலாளருக்கு வாங்கித் தருவது அவகாசத்தை. அதைப் பயன்படுத்திக்கொள்ள ஆலைக்குள் வலுவான சங்கம் இல்லையென்றால் அந்த அவகாசமும் வீணாகிறது.

கேள்வி (வாடிப்பட்டி): நம் ஊர் ஒர்க்ஸ் கமிட்டியும் இதுவும் ஒன்றா?

பதில்: பெயர் மட்டுமே ஒத்திருக்கிறது. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் கொண்டுவந்த நம் கமிட்டி, 100 அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள ஓர் ஆலைக்குள் அன்றாட உரசல்களைத் தீர்ப்பதற்கானது.

கேள்வி (இலந்தைக்குளம், மென்பொருள் பணியாளர்): ஐரோப்பியக் குழுவின் கூட்டத்தில் கேட்டதைப் பிரதிநிதிகள் வெளியே சொல்லலாமா?

பதில்: நிர்வாகம் ரகசியம் என்று குறித்ததைச் சொல்லக் கூடாது, அந்த முத்திரைதான் இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை. கேன்டீன் ஒப்பந்த விலையைக்கூட ரகசியம் என்ற ஒரு நிர்வாகத்தை நானே பார்த்திருக்கிறேன். ரகசியத்துக்குக் காரணம் காட்ட வேண்டும் என்று 2025-இல் நிறைவேறிய ஐரோப்பியத் திருத்தம் கூறுகிறது.

கேள்வி (திண்டுக்கல், தையல் பிரிவுப் பெண் தொழிலாளி): நாங்கள் வெளிநாட்டு பிராண்டின் ஊழியர்கள் அல்ல, அவர்களுக்குத் துணி தைத்துத் தருபவர்கள். எங்களுக்கு என்ன வழி?

பதில்: அம்மா, இந்தக் கேள்விக்கான விடை உங்கள் மாவட்டத்திலேயே எழுதப்பட்டது. ஓர் ஆயத்த ஆடை ஆலையில் பணிபுரிந்த இளம்பெண் 2021 ஜனவரியில் கொலையுண்டதை அடுத்து, பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன், ஆசிய, அமெரிக்கத் தொழிலாளர் அமைப்புகளின் துணையோடு போராடி, 2022-இல் திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பெற்றது. ஆலை உரிமையாளரோடு எச் அண்டு எம், கேப், பிவிஎச் ஆகிய பிராண்டுகளும் அதற்குக் கட்டுப்பட்டன. பாலியல் சீண்டலைக் கவனித்து முறையிட, தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் தேர்ந்து பயிற்றுவிக்கப்பட்டனர். ஆலை ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டுகள் ஆர்டர் வழியாகவே அழுத்தம் தர வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஐரோப்பியக் குழுவின் கையில் இல்லாத பிடி அதுதான். உங்கள் ஆலையில் எந்த பிராண்டுக்குத் தைக்கிறீர்கள் என்பதை லேபிளைப் பார்த்துத் தேதியோடு குறித்து வைக்கத் தொடங்குங்கள்; சங்கத்திடம் செல்லும்போது அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.