பெயின்ட்டை விட இணைப்புதான் முக்கியம்: சிவப்பு டெலிபோன் பூத் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: லண்டனில் தோட்டத்தில் வைக்க, பழைய சிவப்பு டெலிபோன் பூத் ஒன்று விலைக்கு வருகிறது. நிஜ வார்ப்பிரும்புதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (ஹாரோ வாசகர்)

பதில்: காந்தம் ஒட்டாவிட்டால் அது அலுமினியம் அல்லது ஃபைபர் நகல். ஒட்டிவிட்டது என்பதற்காக மட்டும் நம்பிவிடாதீர்கள். இரும்புத் தகட்டில் செய்த நகலும் உண்டு. அதில் மடித்த மூலைகளும் வெல்டிங் தழும்பும் தெரியும். சந்தைக்கு அதிகம் வருவது ‘கே6’ என்ற மாடல். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவையொட்டி 1935இல் சர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்தது. உயரம் 8 அடி 3 அங்குலம், எடை ஏறக்குறைய 700 கிலோ. கண்ணாடி எட்டு வரிசை; நடுவில் அகலம், ஓரங்களில் ஒடுக்கம். அதே ஸ்காட்டின் முந்தைய ‘கே2’வில் ஆறு வரிசைதான், எடை 1 டன்னைத் தாண்டும். கூரையடியில் உள்ள கிரீடம் வயதைச் சொல்லும்: 1953க்கு முந்தியது டியூடர் கிரீடம், பிந்தியது செயின்ட் எட்வர்ட் கிரீடம்.

கேள்வி: வாங்கிவிட்டேன். பழைய பெயின்ட்டின் மேலேயே தேய்த்துப் புதிதாக அடித்தால் போதாதா? (லெஸ்டர் வாசகர்)

பதில்: போதாது. வெளியே பளபளப்பாக இருந்தாலும் வார்ப்புகள் (வார்த்தெடுத்த இரும்புத் துண்டுகள்) ஒன்றோடொன்று சேரும் இடங்களில் தண்ணீர் இறங்கித் துரு ஊறியிருக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும். அது இரண்டு வார்ப்புகளையும் நெம்பித் தள்ளி, கடைசியில் மூலையைப் பிளந்துவிடும். அதனால் கழற்றித்தான் ஆக வேண்டும்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. அடிப் பூச்சுகளில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடக் கூடாது. தீச்சுடர் காட்டவும் கூடாது. நுண்தூசியைத் தடுக்கும் பி3 முகக்கவசம் போட்டு, பெயின்ட்டை இளக்கும் கெமிக்கல் ஸ்டிரிப்பர் தடவிச் சுரண்டுங்கள், சுரண்டியதைத் தனியே மூட்டை கட்டுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

கழற்றும்போது முதலில் கண்ணாடிச் சட்டங்கள், பிறகு கதவு, அதன் பின் கிரேன் வைத்துக் கூரை. போல்ட்கள் உள்பக்கம் இருக்கும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள். அப்படியும் அசையாத போல்ட்டைச் சுத்தியலால் அடிக்காதீர்கள்: வார்ப்பிரும்பு வளையாது, போல்ட் மாட்டியிருக்கும் காதுதான் உடைந்து விழும். நட்டை கிரைண்டரால் அறுத்துவிடுவது எவ்வளவோ மேல். புது நட்டு கடையில் கிடைக்கும், உடைந்த வார்ப்புக்கு மாற்று அவ்வளவு எளிதில் கிடைக்காது.

துண்டுகளைப் பிளாஸ்டிங் செய்ய (காற்றழுத்தத்தில் துகளைப் பீய்ச்சித் துருவையும் பூச்சையும் நீக்க) கொடுக்கும்போது நைசான கார்னெட் கல் துகள், குறைந்த அழுத்தம் என்று கேட்டு வாங்குங்கள். முரட்டுத் துகள் பட்டால் கதவைச் சுற்றியுள்ள மெல்லிய வரிகளின் விளிம்பு மழுங்கிவிடும். அந்த வரிகள்தான் இதன் அழகே. பிளாஸ்டிங் முடிந்து 4 மணி நேரத்துக்குள் பிரைமர் ஏற வேண்டும். ஈரக் காற்று வெற்று இரும்பில் பட்டால் அன்றைக்கே செம்பழுப்பு படியும். ஜிங்க் பாஸ்பேட் எபாக்சி பிரைமர் இரண்டு கோட், ஒரு அண்டர்கோட், இரண்டு கோட் பளபளப்புப் பெயின்ட். இணைப்பு முகங்களுக்கும் பிரைமர் அடித்து, இடையே சீலன்ட் வைத்துப் பூட்டுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான், துரு திரும்ப வருவதும் இங்கேதான்.

பூட்டும்போது எல்லா போல்ட்களையும் முதலில் கையால் மட்டும் திருகுங்கள். கதவு வாயின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து, இரண்டும் ஒன்றானபின் இறுக்குங்கள். இல்லாவிட்டால் கதவு உரசும்.

கேள்வி: பக்கச் சட்டத்தில் விரிசல். சாதாரண வெல்டிங் போதுமா?

பதில்: வேண்டாம். வார்ப்பிரும்பில் கார்பன் 3 சதவீதத்துக்கு மேல் இருப்பதால், ஒரே இடத்தில் சூடேறி ஆறும்போது பக்கத்தில் புது விரிசல் விழும். முதலில் விரிசலின் இரு முனையிலும் 3 மி.மீ. துளை போட்டால் அது மேலும் ஓடாது. பிறகு சூடே இல்லாமல் உலோகத் தையல் (விரிசலின் குறுக்கே உலோகப் பூட்டுகளைப் பதித்து இணைப்பது) போடுவது நல்லது. வெல்டிங்தான் என்றால் துண்டை முன்கூட்டியே சூடாக்கி, நிக்கல் ராடால் 25 மி.மீ. அளவுக்குத் துண்டு துண்டாகப் போட்டு, உலர்ந்த மணலில் புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும்.

கேள்வி: கதவு மரம் கீழே உளுத்திருக்கிறது. முழுக் கதவையும் மாற்றவா?

பதில்: கே6 கதவு தேக்கு. உளுத்த அடிச்சட்டத்தை மட்டும் வெட்டிப் புதுத் தேக்கு சேருங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் பசை பிடிக்காது. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து எபாக்சி போடுங்கள்.

கேள்வி: எந்தச் சிவப்பு? கிரீடத்துக்குத் தங்க நிறம் அடிக்கலாமா?

பதில்: கடையில் பிஎஸ்381சி என்ற பிரிட்டிஷ் நிற எண் வரிசையில் 539 என்று கேளுங்கள். அது 1968இல் வந்த ‘கே8’ மாடலுடன் அறிமுகமாகிப் பழைய பூத்களுக்கும் பரவிய நிறம். அதற்கு முந்தைய தோற்றம் வேண்டுமானால் 538. கிரீடத்தில் தங்கம் பூசும் வழக்கம் 1990களில்தான் வந்தது. ஆரம்பத்தில் கிரீடமும் சிவப்புதான். 538 அடிக்கிறவர்கள் கிரீடத்தையும் சிவப்பாகவே விடுங்கள்.