அந்த ஒன்றரை மணி நேரம் உங்களுடையது

கேள்வி: எனக்கு 39 வயது. செங்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் மலை தாண்டி, கேரளத்தில் இருக்கும் புனலூர் போய் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை நாலரைக்கு எழுந்தால் ராத்திரி பத்துக்குத்தான் உட்காருகிறேன். பஸ்ஸிலும் போனில் கடை மெசேஜ்தான். பையன் எப்போது என் தோளுக்கு வளர்ந்தான் என்றே தெரியவில்லை. 'நிதானமா இரு' என்கிறார்கள். நேரம் எங்கே இருக்கிறது?
- வாசகி, செங்கோட்டை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அடுப்படியில் கூடமாட ஒத்தாசைக்கு ஆள் இல்லாதவரிடம் 'நிதானமா இரு' என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதனால் யோகா, தியானம் என்று புதிதாக எதையும் உங்கள் தலையில் கட்டமாட்டேன். யாரும் உங்களை எழுப்பி வேலை ஏவ முடியாத நேரம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதுதான் அந்த பஸ் பயணம்.

காலையில் போகும்போது மட்டும் போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். கடை திறக்கும் வரை கணக்கு காத்திருக்கும். நீங்கள் போவது லேசுப்பட்ட பாதையா? புளியரை வரை வயல். எஸ் வளைவில் பஸ் முக்கி முக்கி ஏறும்போது, சற்று முன் பக்கத்தில் பார்த்த அதே வயல் கீழே பாத்தி பாத்தியாகத் தெரியும். ஆரியங்காவு வந்தால் காற்றே வேறு. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று இந்தக் கணவாய் வழியாகப் புகுந்து வருவதால்தான், மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்கும் சாரல் கிடைக்கிறது. அப்புறம் கழுதுருட்டி பக்கம் ரோட்டை ஒட்டியே பதிமூன்று கண் பாலம். 1904-ல் ரயில் விட்ட பாதை அது. புனலூரில் இறங்கினால் கல்லடையாற்றின் மேல் 1877-ல் கட்டி முடித்த தூக்குப்பாலம். இதையெல்லாம் பார்க்க எங்கிருந்தோ வண்டி பிடித்து வருகிறார்கள்.

எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஒன்று. இன்று வயலில் நடவா, களையெடுப்பா, அவ்வளவுதான். ராத்திரி அதைப் பையனிடம் சொல்லுங்கள். 'வீட்டுப்பாடம் முடிச்சியா' என்பதைத் தவிர அவனோடு பேச ஒரு விஷயம் கிடைக்கும். அவனும் ஏதாவது சொல்வான்.

ஜன்னலோர சீட்டு மட்டும் உங்கள் களைப்பைத் தீர்த்துவிடாது, அதுவும் எனக்குத் தெரியும். கடிதத்தில் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரிச் சமையலை அவரிடமும் பையனிடமும் விட்டுவிடுங்கள். கெஞ்ச வேண்டாம், சண்டையும் வேண்டாம். 'இன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் பார்த்துக்கோங்க' என்று சொன்னால் போதும். தோசை பிய்ந்து வந்தாலும் நீங்கள் எழுந்து போய்க் கரண்டியை வாங்காதீர்கள்.