ஸ்பாஞ்சை ஏன் கழுவினீர்கள்?

வணக்கங்க அண்ணா. அட்டப்பாடிப் பக்கம் ஓர் ஓடையில் நண்பர் பிடித்துக் கொடுத்த மீன்கள், கல்லில் ஒட்டிக்கொள்ளும் சின்ன வகை, ஐந்து வளர்த்தேன். பத்து நாளில் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. தொட்டியைக் காலி செய்து, கல், மணல், ஃபில்டர் ஸ்பாஞ்சு எல்லாவற்றையும் பைப் தண்ணீரில் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் விட்டேன். கடைக்காரர் சொன்னபடி ஹீட்டரை 32 டிகிரியில் வைத்து மருந்தும் ஊற்றினேன். மூன்று செத்துவிட்டன. எந்த மருந்து, எவ்வளவு விட வேண்டும்? தொட்டியை எந்த மூலையில் வைப்பது நல்லது? மீதி இரண்டைக் கொடிவேரி அணைத் தண்ணீரில் விட்டுவிடலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

— ஒரு வாசகர், கோபி

தம்பி,

மூலை எதுவாக இருந்தாலும் சரி, நேர் வெயில் படாமல் இருந்தால் போதும். வாஸ்து பார்க்க வேண்டியது உங்களுக்கு, மீனுக்கு இல்லை. மருந்துக்கு அப்புறம் வருகிறேன்.

வழுவழுப்பாக எதைக் கண்டாலும் பிளீச்சிங் பவுடரைத் தூக்கிக்கொண்டு ஓடும் நம் ஊர்ப் பழக்கத்தைப் பற்றி ஏற்கெனவே எரிச்சலில் இருந்தேன். அந்த நேரம் பார்த்து "தேய்த்துக் கழுவி" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். யார் கழுவச் சொன்னது? அந்த ஸ்பாஞ்சைப் பிழிந்தால் மழை பெய்த மண் வாசத்தோடு பழுப்பாக ஒன்று வழியுமே, அது அழுக்கு இல்லை தம்பி. மீன் விடும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அவ்வளவாக விஷமில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. புதுத் தொட்டியில் அது நிலைகொள்ள நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். நீங்கள் குளோரின் தண்ணீரில் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டீர்கள். புதுத் தண்ணீர் போர் தண்ணீராக இருந்தால் இன்னும் மோசம். பி.எச். என்கிற அமில-கார அளவு 7 உள்ள தண்ணீரில் அமோனியாவின் விஷ வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட வராது. நம் சப்பைத் தண்ணீர் மாதிரி 8க்குப் போனால் நூற்றில் ஐந்து பங்கு. ஓடையின் மென்மையான தண்ணீரிலிருந்து வந்த மீனுக்கு இது எப்படி இருக்கும்?

எங்கள் தோட்டத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் கல்தொட்டியில் அப்பாரு கெண்டைக் குஞ்சு விட்டிருந்தார், கொசுப்புழு தின்னட்டும் என்று. நோம்பிக்கு வீடு முழுக்க வெள்ளையடிப்பார்கள், அந்தத் தொட்டியின் பாசியில் மட்டும் யாரும் கைவைக்கக் கூடாது. பழைய தண்ணீரில் முக்கால்வாசியை வைத்துக்கொண்டு மேலுக்குக் கொஞ்சம் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவார், அவ்வளவுதான். ஒரு தடவை அத்தை சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்து நிரப்பிவிட்டார். சீக்கிரமே குஞ்சுகள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்க ஆரம்பித்தன. "தண்ணிக்கும் தோலு இருக்குது, உரிச்சுப் போட்டீங்களே" என்று அப்பாரு கத்தியது அடுத்த தோட்டம் வரைக்கும் கேட்டது. அமோனியா என்ற சொல்லை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை.

மீனுக்கும் அந்தத் தோல் உண்டு. உடம்பின் மேலுள்ள கொழகொழப்புதான் அதற்குக் காவல். கையால் பிடித்து, வலையில் உரசி, பாலித்தீன் பையில் குலுக்கிக் கொண்டுவந்தபோதே அது பாதி போயிருக்கும். ரவை தூவியது போல் தெரிகிற அந்த வெள்ளைப் புள்ளி, தோலுக்கு அடியில் புகுந்துகொண்ட ஒட்டுண்ணி. அங்கே இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. பிறகு அது உதிர்ந்து அடியில் ஒட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து, ஓரிரு நாளுக்குள் மீனைத் தேடி நீந்தும். அப்போதுதான் மருந்து கொல்லும். அதனால்தான் புள்ளி மறைந்த பிறகும் மருந்தை நிறுத்தக் கூடாது.

உங்கள் மீன் அநேகமாகப் பவானியா இனம். 1920-ல் சுந்தர் லால் ஹோரா நம் பவானி ஆற்றின் பெயரை வைத்தது. தட்டையான உடம்பும் விரித்த துடுப்புமாக, பாய்கிற தண்ணீரில் பாறையைப் பற்றிக்கொண்டு வாழ்வது. அதற்குப் போய் 32 டிகிரியா! 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும், 30-ல் ஏழரைதான். மற்ற மீனுக்குச் சொல்லும் வைத்தியத்தை இதற்கும் சொன்ன கடைக்காரரை என்ன சொல்வது?

சரி, மருந்து. ஹீட்டரைப் பிடுங்குங்கள். ஏர் ஸ்டோன் இன்னொன்று போடுங்கள். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை அது உறிஞ்சிவிடும். மாலகைட் கிரீன் கலந்த மருந்தைப் பாட்டிலில் போட்டிருப்பதில் பாதி அளவு. தினமும் அடியில் டியூப் வைத்து உறிஞ்சி, கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள், ஹைப்போ போட்டுக் குளோரின் போன தண்ணீராக. நண்பர் யாராவது நன்றாக ஓடும் தொட்டி வைத்திருந்தால் அவருடைய ஸ்பாஞ்சில் பாதி கேட்டு வாங்குங்கள், அதில் நோய் இல்லை என்று தெரிந்தால் மட்டும்.

கொடிவேரியில் விடவே கூடாது. நோயை ஆற்றுக்குக் கொண்டுபோவீர்கள், அங்குள்ள மீனுக்கெல்லாம் தொற்றும். எடுத்த ஓடையிலும் விடாதீர்கள். கடைசிவரை நீங்களே பாருங்கள், நண்பரிடம் இனிமேல் பிடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அமோனியா டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்துவிட்டு என்ன அளவு வந்தது என்று எழுதுங்கள்.