தெற்றுப்பல்லுக்கு செராமிக் கேப் போடலாமா?

கேள்வி: எனக்கு 24 வயது. மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன, பக்கத்துப் பல்லும் சற்றுத் திரும்பியிருக்கிறது. பல்லில் சொத்தை எதுவும் இல்லை. நான்கு மாதத்தில் திருமணம். கிளிப் போட்டால் ஒன்றரை வருடம் ஆகும், நான்கு பல்லுக்கு செராமிக் கேப் போட்டால் பத்தே நாளில் வரிசையாகிவிடும் என்கிறார்கள். போட்டுக்கொள்ளலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: பத்து நாளில் வரிசையாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் பல் இம்மியும் நகர்ந்திருக்காது. வேர் கோணலாக நின்ற இடத்திலேயே நிற்கும், மேலே மாட்டிய உறை மட்டும் நேராக இருக்கும்.

அந்த உறை உட்கார இடம் வேண்டுமே! அதற்காகப் பல்லைச் சுற்றிலும் 1 முதல் 1.5 மி.மீ., கடிக்கும் விளிம்பில் 2 மி.மீ. வரை அரைத்து எடுப்போம். முன்பல் எனாமலின் கனமே ஏறக்குறைய 1 மி.மீ.தான். அரைத்து முடித்ததும் மிஞ்சுவது ஒரு சின்ன மஞ்சள் முளை. போன எனாமல் திரும்ப வளராது. துருத்திய பல்லில் இன்னும் ஆழமாக அரைக்க நேரிடும். உங்கள் வயதில் பல்லுக்குள் நரம்பு இருக்கும் அறை பெரிதாகவே இருக்கும். அதைத் தொட்டுவிட்டால், சொத்தையே இல்லாத பல்லுக்கு வேர் சிகிச்சை செய்யவேண்டி வரும்.

நன்றாகப் பராமரித்தாலும் ஒரு கேப் பொதுவாகப் பத்துப் பதினைந்து வருடம் உழைக்கும். அப்படியானால் 60 வயதுக்குள் நீங்கள் இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டியிருக்கும். பற்கள் ஏறி நிற்கும் இடத்தில் கேப் தடித்துப்போனால் இடுக்கில் அழுக்குச் சேர்ந்து ஈறு வீங்கும், பல் துலக்கும்போதெல்லாம் ரத்தம் கசியும்.

அதனால் நான் கேப் வேண்டாம் என்றே சொல்வேன். வேர் சிகிச்சை செய்த பல், பாதி உடைந்த பல் என்றால் என் பதில் வேறு. அங்கே கேப் பல்லைக் காப்பாற்றுகிறது. அப்போதும் முன்பல்லுக்கு உலோகம் கலக்காத ஜிர்கோனியா போன்ற செராமிக் கேப்பைக் கேளுங்கள். உள்ளே உலோகம் வைத்த கேப்பில், ஈறு சற்று இறங்கினாலும் கறுப்புக் கோடு தெரியும்.

திருமணத்துக்கு வருவோம். பல் சீரமைப்பு நிபுணர் ஒருவரை இந்த வாரமே பாருங்கள். தாடை எக்ஸ்ரே எடுத்து, உங்களுக்கு 'அலைனர்' ஒத்துவருமா என்று கேளுங்கள். பல்லை மெல்ல நகர்த்தும், கழற்றி மாட்டக்கூடிய, கண்ணாடி போன்ற உறை அது. நாளில் 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். முகூர்த்தத்துக்கும் ரிசப்ஷனுக்கும் கழற்றிவைத்துவிட்டு இரவே மாட்டிக்கொள்ளலாம். முன்பற்கள் மட்டும் லேசாக நெருங்கியிருந்தால் சில மாதங்களிலேயே மாற்றம் தெரியத் தொடங்கும். எல்லாம் நேரான பிறகு, பல்லை அதே இடத்தில் பிடித்துவைக்கும் 'ரிடெய்னர்' போடத் தவறாதீர்கள், விட்டால் பல் பழைய இடத்துக்கே திரும்பும்.

முன்பணம் கட்டியிருந்தாலும் பரவாயில்லை. பல்லை இன்னும் அரைக்கவில்லை என்றால் அந்த அப்பாயின்ட்மென்ட்டைத் தள்ளிப்போடுங்கள்.