திரையில் அரக்கு, அச்சில் கறுப்பு

கேள்வி: திருமண அழைப்பிதழ்களை வீட்டிலேயே வடிவமைத்து, அச்சடிக்கச் சிவகாசிக்கு அனுப்புகிறேன். திரையில் தெரியும் அரக்கு நிறம் அச்சில் ஏறக்குறையக் கறுப்பாகிவிடுகிறது, கிளிப்பச்சை மங்கிவிடுகிறது. மானிட்டர்தான் காரணம் என்கிறார்கள் அச்சகத்தார். நிறத்தை அளக்கும் கருவி ஒன்றை வாங்கிவிடலாமா?
- வாசகி, விருதுநகர்

பதில்: கருவியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் திரையின் பிரைட்னஸைக் குறையுங்கள். பல மானிட்டர்கள் சதுர மீட்டருக்கு 250 காண்டெலாவுக்கும் (ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு) மேல் ஒளிரக்கூடியவை. கடையில் பளிச்சென்று தெரியும்படி அமைக்கப்பட்ட அந்த அளவை வீட்டுக்கு வந்த பிறகும் யாரும் மாற்றுவதில்லை. காகிதமோ தானாக ஒளிர்வதில்லை. அறையின் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தருகிறது. ஆகவே, மிகையாக ஒளிரும் திரையைப் பார்த்து "இந்த அரக்கு போதும்" என்று நீங்கள் முடிவு செய்யும்போது, கோப்பில் அந்த நிறம் உண்மையில் இருண்டே இருக்கிறது. அச்சுக்கு வேலை செய்பவர்கள் பொதுவாக 80 முதல் 120 காண்டெலா வரை வைத்துக்கொள்கிறார்கள். அளக்கக் கருவி இல்லையென்றால், நல்ல வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையிலும் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்துவைத்து, இரண்டும் ஒத்த பிரகாசமாகத் தோன்றும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள்.

இதைத் தொடங்குமுன் மானிட்டர் அரைமணி நேரமாவது இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதி, வெளிச்சத்துக்கேற்பத் தானாக மாறும் பிரைட்னஸ், காட்சிக்கேற்ப ஒளி-இருள் வேறுபாட்டைத் தானாக மாற்றும் டைனமிக் கான்ட்ராஸ்ட் ஆகிய எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வெண்மையை (வெள்ளை நீலமாகவோ மஞ்சளாகவோ சாயும் அளவு) 6500 கெல்வினிலும் காமாவை (கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாயல்களின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் அளவு) 2.2-இலும் வையுங்கள். மானிட்டரில் எஸ்ஆர்ஜிபி (பொதுவாகப் பயன்படும் நிறத் தரம்) என்ற தேர்வு இருந்தால் அதுவே நல்ல தொடக்கம். ஆனால் சில மானிட்டர்கள் அந்தத் தேர்வில் பிரைட்னஸை மாற்ற விடுவதில்லை என்பது எரிச்சலூட்டும் விஷயம்.

கிளிப்பச்சையின் கதை வேறு. சியான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளால் எட்ட முடியாத பச்சைகளைத் திரை எளிதாகக் காட்டிவிடும். அதற்கு எந்தக் கருவியும் மருந்தாகாது. அச்சகத்தாரிடம் அவர்கள் பயன்படுத்தும் தாளுக்கான ஐசிசி புரொஃபைலை (அந்தத் தாளில் நிறங்கள் எப்படி வரும் என்பதை விவரிக்கும் கோப்பு) கேட்டு வாங்கி, அச்சில் வரப்போகும் நிறத்தைத் திரையிலேயே காட்டும் போட்டோஷாப்பின் புரூஃப் கலர்ஸ் வசதி மூலம் பார்த்தால், அந்தப் பச்சை எவ்வளவு மங்கும் என்பது வடிவமைக்கும்போதே தெரிந்துவிடும். வழவழப்பான ஆர்ட் பேப்பரைவிட, மையை உறிஞ்சும் சொரசொரப்பான தாளில் இன்னும் அதிகமாகவே மங்கும்.

கேள்வி: விண்டோஸில் உள்ள அளவுதிருத்த வசதியைக் கொண்டு கண்ணாலேயே நிறத்தைச் சரிசெய்துவிட முடியாதா?
- வாசகர், ஈரோடு

பதில்: பிரைட்னஸையும் காமாவையும் ஓரளவு முடியும்; வெண்மையை முடியாது. நீலம் ஓடிய வெள்ளையைக்கூடச் சில நிமிடங்களில் கண் தூய வெள்ளையாக ஏற்றுக்கொண்டுவிடும். நிறத்தை அளக்கும் கருவியான கலரிமீட்டருக்கு அந்தப் பழக்கம் கிடையாது: திரைமேல் வைத்தால், மென்பொருள் காட்டும் நிறக் கட்டங்களை ஒவ்வொன்றாக அளந்து, உங்கள் மானிட்டருக்கென்றே ஒரு புரொஃபைலை உருவாக்கித் தரும். டிஸ்பிளேகால் என்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும் என்பதால், நண்பர்கள் சேர்ந்து ஒரு கருவியை மட்டும் வாங்கி, மாதம் ஒருமுறை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். உங்களுடையது மடிக்கணினி என்றால், கருவி வாங்குமுன் தலையைச் சற்று மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். நிறம் மாறினால் அது பழைய டிஎன் வகைத் திரையாக இருக்கலாம், அதற்குக் கருவி வாங்கும் பணத்தை, பார்க்கும் கோணம் மாறினாலும் நிறம் அதிகம் மாறாத ஒரு ஐபிஎஸ் மானிட்டருக்குச் செலவிடுவதே மேல்.