64 கார்டு வித்தும் கையில காசு நிக்கலையே, ஏன்?

கேள்வி: வணக்கம் மேடம். ரெண்டு வருஷமா வீட்ல கையால வாழ்த்து அட்டை செஞ்சு தெரிஞ்சவங்களுக்கு குடுத்துட்டு இருந்தேன். போன மாசம் முதல் தடவையா ரெண்டு நாள் கிராஃப்ட் ஃபேர்ல ஸ்டால் போட்டேன். 120 கார்டு கொண்டு போனேன், எல்லாம் ஒரே விலை, 64 வித்துச்சு. ஸ்டால் வாடகையே 20 கார்டோட விலை. பேப்பர், கவர் எல்லாம் சேத்து ஒரு கார்டுக்கு விலையில அஞ்சுல ஒரு பங்குதான் செலவுன்னு போட்டா இன்னொரு 20 கார்டு விலை அளவுக்கு லாபம் மிஞ்சணும். ஆனா கையில ஒண்ணுமே இல்ல, கையிருப்புதான் கொஞ்சம் கொறைஞ்சிருக்கு. பில் எல்லாத்தையும் இணைச்சிருக்கேன். ஒரு கார்டை முழுசா முடிச்சுட்டுதான் அடுத்ததை எடுப்பேன், மடிக்கும்போது சில அட்டை வெடிச்சு வீணாவும் போச்சு. ஒரு கார்டு செய்ய 20 நிமிஷம் ஆகுது, அதனால டை கட்டிங் மெஷின் (டைங்கற அச்சு வச்சு அட்டையை பூ மாதிரி வடிவமா வெட்டறது) வாங்கலாம்னு இருக்கேன், அதோட விலை 150 கார்டு விலைக்கு சமம். அவசரத்துக்குன்னு வச்சிருக்கற டெபாசிட்டை உடைக்கட்டுமா, இல்ல இஎம்ஐல வாங்கட்டுமா?

பதில்: வணக்கம்மா. முதல் ஸ்டால்லயே முன்ன பின்ன தெரியாதவங்க 64 கார்டை காசு குடுத்து வாங்கியிருக்காங்கன்னா உங்க கைவேலை நல்லா இருக்குன்னுதான் அர்த்தம், அதுல சந்தேகமே வேண்டாம். மெஷின் இப்ப வேண்டாம், டெபாசிட்டை தொடாதீங்க, இஎம்ஐயும் வேண்டாம். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நிதானமா படிங்க, ஏன்னா உங்க காசு எங்கயும் தொலைஞ்சு போகல, அது எங்க இருக்குன்னு நீங்க அனுப்பின பில்லுலயே தெரியுது.

ஒரு கார்டு விலையை 100ன்னு வச்சுக்குவோம், எந்த நாட்டு காசா இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான். நீங்க ஒரு கார்டுக்கு 20 செலவுன்னு போட்டது அட்டையும் கவரும் மட்டும். பில்லுல டபுள் சைடு டேப் இருக்கு, ஃபோம் டேப் இருக்கு, இங்க் பேடு, ரிப்பன், ஒட்டற முத்து, பசை, கார்டு போட்டு குடுக்கற பிளாஸ்டிக் ஸ்லீவ், உள்ள ஒட்டற மெல்லிசு பேப்பர், அப்புறம் மடிக்கும்போது வெடிச்சு போய் தூக்கி போட்ட அட்டைங்க. மிச்சம் இருக்கற சாமானை கழிச்சுட்டு 120 ஆல வகுத்தா ஒரு கார்டுக்கு 34 வருது. கையால செய்யற தொழில்ல பெரும்பாலும் இந்த சின்ன சாமான்லதான் காசு போகும், ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சமா வாங்கறதால கண்ணுக்கே தெரியாது.

இப்ப மொத்தமா பாருங்க. 64 கார்டுக்கு 6400 வந்துச்சு. ஃபோன்லயும் கார்டுலயும் பணம் வாங்கினதுக்கு கட்டணம் 2 சதவீதம், 128. ஸ்டாலுக்கு 2000, போக்குவரத்து, மேசை விரிப்பு, கார்டு நிக்க வைக்கற ஸ்டாண்ட் வாடகை 380. பொருள் செலவு வித்த 64க்கு மட்டும் இல்ல, செஞ்ச 120க்கும் போயிருக்கு, அது 4080. எல்லாத்தையும் கழிச்சா மைனஸ் 188. உங்க கையிருப்பு கொறைஞ்சது இதனாலதான். ஆனா இது நஷ்டம் இல்ல, விக்காத 56 கார்டு வீட்ல பெட்டியில இருக்குல்ல, அதுக்குள்ள உங்க பணம் 1904 உக்காந்திருக்கு. அந்த 56ம் வித்தா வரும், விக்கலைன்னா வராது, அதனால அடுத்த ஃபேருக்கு புதுசா 120 செய்யாம மொதல்ல அந்த பெட்டியை திறங்க. வித்த 64ஐ மட்டும் வச்சு பாத்தா கைல நின்ன லாபம் 1716. நல்லாதான இருக்குன்னு தோணும், ஆனா இதுல உங்க கூலி இன்னும் போடல.

கூலியை போடறதுல நிறைய பேருக்கு தயக்கம் இருக்கு, வீட்ல சும்மா இருக்கற நேரத்துலதான செய்யறேன்னு சொல்வாங்க. நான் அதை ஒத்துக்கவே மாட்டேன்மா. ராத்திரி எல்லாரும் தூங்கின பெறகு கண்ணு வலிக்க வலிக்க ஒட்டற ஒவ்வொரு நிமிஷமும் உங்க உழைப்பு, அதுக்கு விலை இல்லைன்னு நீங்களே முடிவு பண்ணிட்டா வாங்கறவங்க எப்படி விலை குடுப்பாங்க? வித்த 64 கார்டு செய்ய 21 மணி நேரம், ஸ்டால்ல நின்னது ஒரு நாளைக்கு 9 மணி நேரம் வீதம் 18, ஆக 39 மணி நேரத்துக்கு 1716. அதாவது மணிக்கு 44, ஒரு கார்டு விலையில பாதி கூட இல்ல.

ஒரு மணி நேரத்துக்கு 90 வேணும்னு வச்சுக்குவோம், ரொம்ப அதிகம் ஒண்ணும் கேக்கல. 20 நிமிஷத்துக்கு 30. பொருள் 34, கட்டணம் 2, கூலி 30 போக ஒரு கார்டுல நிக்கறது 34. ஸ்டால் செலவு 2380, நீங்க அங்க நிக்கற 18 மணி நேர கூலி 1620, மொத்தம் 4000. 4000ஐ 34ஆல வகுத்தா 118. அதாவது இப்ப இருக்கற விலையில, இப்ப செய்யற விதத்துல, கொண்டு போன 120ல 118 வித்தாதான் உங்க கூலி முழுசா வரும், அதுக்கு மேலதான் லாபம். எந்த ஃபேர்லயும் இப்படி கிட்டத்தட்ட எல்லாமே வித்து தீரும்னு நம்பி இறங்க முடியாது.

இதை சரி பண்ண மெஷின் தேவையில்ல, மூணு இடத்துல கை வைக்கணும்.

முதல்ல செய்யற விதம். நீங்க ஒரு கார்டை ஆரம்பிச்சு முடிச்சுட்டு அடுத்ததை எடுக்கறீங்கன்னு எழுதியிருக்கீங்க. அப்படி செஞ்சா ஒவ்வொரு தடவையும் கத்தி எடு, இங்க் தேடு, பசை காய காத்திருன்னு நேரம் போகுது. ஒரு டிசைனை 20 கார்டா எடுத்து, ஒரு நாள் வெட்டறது மட்டும், அடுத்து கோடு போட்டு மடிக்கறது மட்டும், அடுத்து ஸ்டாம்ப் மட்டும், கடைசியா ஒட்டறதுன்னு பிரிச்சு பாருங்க. அமெரிக்காவுல வொர்செஸ்டர்ங்கற ஊர்ல எஸ்தர் ஹௌலாண்டுன்னு ஒரு பொண்ணு, 1847ல காலேஜ் முடிச்சவங்க, லேஸ் பேப்பரும் கலர் படமும் வச்சு வாலண்டைன் கார்டு செஞ்சு பாத்தாங்க. அண்ணன் தம்பில ஒருத்தர் கடை வியாபாரத்துக்கு ஊர் ஊரா போகும்போது மாதிரியை குடுத்து விட்டாங்க, 200 டாலருக்கு ஆர்டர் வந்தா போதும்னு நினைச்சாங்களாம், 5000 டாலருக்கு மேல வந்துச்சுன்னு சொல்வாங்க. தனியா செஞ்சு முடிக்க முடியாதுன்னு தோழிங்களை வீட்டு மேசையை சுத்தி உக்கார வச்சு, ஒருத்தர் படம் வெட்ட, ஒருத்தர் அடுக்க, ஒருத்தர் ஒட்டன்னு பிரிச்சு குடுத்தாங்க. அந்த தொழிலை அவங்க 1881ல வித்துட்டு வெளிய வர்ற வரைக்கும் அது நடந்துச்சு. கையால செஞ்ச கார்டுதான், மாத்தினது வேலையை பிரிச்ச விதத்தை மட்டும். நீங்க தனி ஆளா இருந்தாலும் நாளை பிரிச்சுக்கலாம், 20 நிமிஷம் 12க்கு வந்துரும்னு நான் நம்பறேன், செஞ்சு பாத்து கடிகாரம் வச்சு எழுதுங்க.

ரெண்டாவது பொருள். ஒரு ஏ4 அட்டையை பாதியா வெட்டினா ரெண்டு ஏ5, ஒவ்வொண்ணையும் மடிச்சா ஏ6 கார்டு, 105க்கு 148 மில்லிமீட்டர், துண்டே விழாது. அதுக்கு சி6 கவர், 114க்கு 162, சரியா பொருந்தும், மொத்தமா வாங்கினா விலையும் கொறையும். நீங்க சதுரமா ஒண்ணு, நீளமா ஒண்ணுன்னு நாலு சைஸ் வச்சிருக்கீங்க, ஒவ்வொண்ணுக்கும் தனி கவர், தனி ஸ்லீவ், ஒவ்வொண்ணுலயும் மிச்சம். ஒரே சைஸுக்கு வாங்க. மடிக்கும்போது வெடிக்குதுன்னா 250, 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம்ங்கற எடை அளவு) அட்டையில நார் ஓடற திசைக்கு குறுக்க மடிக்கறீங்கன்னு அர்த்தம், அட்டையை ரெண்டு பக்கமும் லேசா வளைச்சு பாருங்க, எந்தப் பக்கம் சுலபமா வளையுதோ அந்த வாக்குல மடிப்பு வரணும், முதல்ல கோடு அழுத்தி விட்டு மடிங்க. ஏ4 வாங்கும்போதே, வெட்டி மடிச்சா மடிப்பு நார் வாக்குல வருதான்னு ஒரு ஷீட்டை பாத்து வாங்கிட்டா கழிவு கொறையும். முத்தும் ஃபோமும் அடுக்கடுக்கா ஒட்டின கார்டு அழகுதான், ஆனா தடிமனா இருந்தா கவர்ல அடங்காது, தபால்ல அனுப்பறவங்க தயங்குவாங்க, அதை கொஞ்சமா செஞ்சு அதிக விலைக்கு வைங்க. இதெல்லாம் சேத்து 34ஐ 28க்கு கொண்டு வரலாம்.

இந்த ரெண்டு மட்டும் செஞ்சாலே, பொருள் 28, கட்டணம் 2, 12 நிமிஷ கூலி 18 போக ஒரு கார்டுல நிக்கறது 52, தேவையான விற்பனை 118லேர்ந்து 77க்கு வந்துருது.

மூணாவது விலை, இதுலதான் நீங்க ரொம்ப பயப்படறீங்க. ஒரு ஸ்டாம்ப் அடிச்ச சாதா கார்டும், பூ இதழை ஒவ்வொண்ணா வெட்டி அடுக்கின கார்டும் ஒரே 100ன்னு வச்சது நியாயமே இல்ல. சாதாவை 100லயே விடுங்க, நடுத்தரம் 130, நேரம் அதிகம் எடுக்கறது 200ன்னு வைங்க, மூணு விலை பக்கத்துல பக்கத்துல இருந்தா வாங்க வர்றவங்களுக்கு வேலைப்பாடு கண்ணால தெரியும். சாதாதான் நிறைய போகும், இருந்தும் சராசரி 120 வந்தா ஒரு கார்டுல நிக்கறது கிட்டத்தட்ட 72, 56 வித்தாலே 4000ம் வந்துரும். நீங்க ஏற்கனவே 64 வித்தவங்க! விலை ஏத்தினதால நாலஞ்சு பேர் கீழ வச்சுட்டு போனாலும் கணக்கு தாங்கும். செட்டு போடணும்னா ஒரே டிசைன்ல நாலு சாதா கார்டை 340க்கு குடுங்க, கொஞ்ச நேரத்துல செய்யற டிசைனை மட்டும் செட்டுக்கு வைங்க.

எந்த டிசைன் எத்தனை போச்சுன்னு எழுதி வச்சீங்களான்னு தெரியல, அடுத்த தடவை ஒவ்வொரு ஸ்லீவ் பின்னாடியும் ஒரு சின்ன எண் போடுங்க, விக்கும்போது நோட்டுல ஒரு கோடு. பொறந்தநாள், கல்யாண நாள், நன்றி, குழந்தை பொறந்தது இதெல்லாம் வருஷம் பூரா போகும். பண்டிகை கார்டு அந்த நாள் தாண்டினா அடுத்த வருஷம் வரைக்கும் பெட்டிதான், அதுல வருஷத்தையும் அச்சடிச்சுட்டா அவ்வளவுதான், அது செத்த சரக்கு. கார்ட்டூன் பாத்திரம், சினிமா வசனம் போட்டு விக்காதீங்க, காப்பிரைட் பிரச்சனை வரும். நெட்ல இறக்கின டிசைன் ஃபைல்ல ‘பெர்சனல் யூஸ்’னு இருந்தா அதை விக்கற கார்டுல போடக்கூடாது, ஸ்டாம்ப் கம்பெனி விதியையும் ஒரு தடவை படிச்சுக்குங்க.

இப்ப மெஷின். விலை 15000. அது ஒரு கார்டுக்கு 4 நிமிஷம் மிச்சம் பண்ணும்னே வைங்க, மணிக்கு 90ன்னா அது 6. 15000ஐ 6ஆல வகுத்தா 2500 கார்டு. ஒரு ஃபேருக்கு 120ன்னாலும் 21 ஃபேர் ஆகும் போட்ட காசு திரும்ப, அதுவும் அந்த மிச்ச நேரத்துல செஞ்ச கார்டு வித்தாதான். டை தட்டு, பிளேடு, மேட் எல்லாம் தனி செலவு, ஒவ்வொரு புது வடிவத்துக்கும் இன்னொரு டை வாங்க தோணும், அதை நான் நிறைய பேர்கிட்ட பாத்துட்டேன். இஎம்ஐல ‘12 சதவீதம் தான்’னு சொன்னா ஃப்ளாட் ரேட்டான்னு, அதாவது கடைசி வரைக்கும் முழு கடன் தொகைக்கும் வட்டி போடறாங்களான்னு கேளுங்க, ஒரு வருஷ ஃப்ளாட் 12ங்கறது நீங்க மாசா மாசம் அசலை அடைச்சுட்டே வர்றதால உண்மையில 21 சதவீதத்துக்கு மேல வரும். டெபாசிட் விஷயத்துல கண்டிப்பா சொல்றேன்மா, அது உடம்பு சரியில்லாத நாளுக்கு, வேலை போன மாசத்துக்கு, பூ வெட்டற மெஷினுக்கு இல்ல. மெஷின் வச்சிருக்கறவங்க யாராவது தெரிஞ்சா ஒரு நாள் வாடகைக்கு கேட்டு 100 பூவை ஒண்ணா வெட்டிட்டு வாங்க, நேரம் நிஜமாவே எவ்வளவு மிச்சம்னு அதுலயே தெரிஞ்சுரும்.

கடைங்க உங்க கார்டை வச்சு விக்கறேன்னு கேட்டா வித்த பெறகு காசுன்னு சொல்வாங்க, அவங்க பங்கு மூணுல ஒண்ணுலேர்ந்து பாதி வரைக்கும் போகும். உங்க 100 கார்டுல 50 போனா பொருளும் கூலியும் எடுத்தப்பறம் என்ன நிக்குதுன்னு மேல இருக்கற கணக்கை போட்டு பாத்துட்டு சரின்னு சொல்லுங்க. கல்யாணம், விழான்னு 50 கார்டு ஒண்ணா கேக்கறவங்க வந்தா அது ஸ்டாலை விட நல்லது, வாடகையும் இல்ல, மிச்ச சரக்கும் இல்ல, பாதி பணம் அட்வான்ஸா வாங்காம அட்டையை வெட்ட ஆரம்பிக்காதீங்க.

கார்டு காசுக்குன்னு தனியா ஒரு கணக்கு ஆரம்பிங்க, வீட்டு செலவோட கலந்தா மறுபடியும் எங்க போச்சுன்னு தேட வேண்டி வரும். அடுத்த ஃபேருக்கு இருக்கற 56ஓட புதுசா 60 மட்டும் ஏ6லயே செய்ங்க, வாடகை இதே அளவுன்னா போலாம், 20 கார்டு விலையை விட அதிகம்னா இந்த தடவை விட்டுடுங்க. முடிஞ்சதும் டிசைன் வாரியா வித்த கணக்கும், கார்டுக்கு ஆன நிமிஷமும் எழுதி அனுப்புங்க, மெஷின் பேச்சை அந்த நம்பரை வச்சு பேசலாம்.