மாடித்தோட்டம்: எந்த இலை முதலில் மஞ்சளானது?

மூன்று வயதுக் கறிவேப்பிலை, 15 அங்குலத் தொட்டியில் இருக்கிறது. இரண்டு மாதமாகத் துளிரெல்லாம் வெளிறிய மஞ்சளாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சை. யூரியா போட்டேன், டி.ஏ.பி. இருமுறை போட்டேன், இன்னும் மோசமாகிறது. போர் தண்ணீரும் ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரும்தான் ஊற்றுகிறேன்.
– வாசகி, சென்னை

இது இரும்புச்சத்துக் குறை. தழைச்சத்து (நைட்ரஜன்) குறையாக இருந்தால் அடியிலைதான் முதலில் முழுசாகப் பழுத்திருக்கும். தழைச்சத்து செடிக்குள் நகரும். பற்றாக்குறை வந்தால் செடி அதை முதிர்ந்த இலையிலிருந்து உருவித் துளிருக்குக் கொடுத்துவிடும். இரும்பு அப்படி நகராது. சேர்ந்த இலையிலேயே தங்கிவிடும், துளிர் பட்டினி கிடக்கும்.

செம்மண்ணின் சிவப்பே இரும்புதான், ஆகவே மண்ணில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் போர் தண்ணீரின் பைகார்பனேட் உப்பு மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடுகிறது. அதைக் காட்டும் பி.எச். அளவு 7.5-ஐத் தாண்டினால் இரும்பு கரையாமல் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ஆர்.ஓ. கழிவுநீர் அதே உப்பின் செறிவு. செடிக்கு வேண்டவே வேண்டாம், கழிவறை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். டி.ஏ.பி.யின் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) இரும்பைக் கட்டிப்போடும். நீங்கள் உரம் போடப்போட மோசமானது அதனால்தான்.

முதலில் நோயை உறுதி செய்யுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 1 கிராம் எலுமிச்சை உப்பைக் (சிட்ரிக் அமிலம்) கரைத்து, அதன்பிறகு 3 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) சேருங்கள். வரிசை மாறக்கூடாது. உப்பான போர் தண்ணீரில் அன்னபேதியை முதலில் போட்டால் துருப்பிடித்துப் பழுப்பாகிவிடும். பழுப்பான கரைசலால் பயனில்லை, கொட்டிவிடுங்கள். நாலைந்து மஞ்சள் துளிரிலைகளில் மட்டும் இதைப் பஞ்சால் தடவி, ஒரு வாரம் பாருங்கள். தடவிய இடம் பச்சையானால் இரும்புக் குறைதான்.

பிறகு, தொட்டியின் அடித்துளை அடைபடாமல் இருக்கிறதா என்று பார்த்து, மழைநீரோ ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரோ சேகரித்து மெதுவாக ஊற்றுங்கள். ஏ.சி. நீரில் உப்பே இருக்காது. அந்தத் தொட்டியில் ஏறத்தாழ 25 லிட்டர் மண் இருக்கும். இரு மடங்கு நீர் அடியில் வழிந்தால் தேங்கிய உப்பு கழுவப்படும். அன்னபேதிக் கரைசலை வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கமும் நனைய, 10 நாளுக்கு ஒருமுறையாக மூன்று முறை தெளியுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். கடைசித் தெளிப்புக்குப் பின் இரண்டு வாரம் சமையலுக்குப் பறிக்க வேண்டாம். பழைய இலை முழுதும் தேறாமல் போகலாம். புதுத் துளிரை வைத்தே முடிவு செய்யுங்கள்.

புளித்த மோர் ஊற்றலாம், ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் கலந்து, 15 நாளுக்கு ஒருமுறை. உப்புப் போட்ட மோர் கூடாது. ஆனால் தினமும் உப்பு நீர் ஊற்றிக்கொண்டு மோரை மட்டும் நம்பினால் பலனில்லை.

எலுமிச்சையில் முதிர்ந்த இலைகள் ஓரம் மஞ்சளாகி, காம்புப் பக்கம் மட்டும் பச்சை முக்கோணமாக நிற்கிறது. இதற்கும் அன்னபேதியா?
– வாசகர், மதுரை

வேண்டாம். அந்தப் பச்சை முக்கோணம் மெக்னீசியக் குறையின் தெளிவான அடையாளம். லிட்டருக்கு 5 கிராம் எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) கரைத்து, 15 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளியுங்கள். சாம்பலை அள்ளிப் போடும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். சாம்பல் சத்து (பொட்டாசியம்) மிகுந்தால் வேர் மெக்னீசியத்தை எடுக்காது.

தேங்காய்நார்க் கழிவு நிரப்பிய பையில் தக்காளி. மண் ஈரமாகவே இருக்கிறது, ஆனாலும் இலை மஞ்சளாகித் துவள்கிறது.
– வாசகி, கோவை

வேருக்குக் காற்றில்லை. துவள்கிறதே என்று மேலும் தண்ணீர் ஊற்றுவதுதான் செடியைக் கொல்கிறது. ஓரமாகத் தோண்டி ஒரு வேரை எடுத்துப் பாருங்கள். வெள்ளையாக, உறுதியாக இருந்தால் பிழைக்கும். பழுப்பாகி, தோல் உருவிக்கொண்டு வந்தால் அழுகல். பையின் அடியில் கூடுதல் துளையிட்டு, செங்கல் மேல் தூக்கி வையுங்கள். விரலை இரண்டு அங்குலம் நுழைத்து, காய்ந்திருந்தால் மட்டும் நீர் ஊற்றுங்கள். செடி தேறும்வரை எந்த உரமும் வேண்டாம்.

கத்தரி இலையில் ஊசி குத்தியதுபோல் வெளிர் புள்ளிகள். என்ன சத்துக் குறை?
– வாசகர், திருச்சி

சத்துக் குறையே இல்லை, இலைச்சாற்றை உறிஞ்சும் நுண்ணிய செஞ்சிலந்தி. இலைக்கடியில் வெள்ளைத்தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழும் புள்ளிகள் ஊர்ந்தால் அதுதான். அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, மாலையில் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயை காதி சோப்புக் கரைசலோடு கலந்து தெளியுங்கள். ஐந்து நாள் கழித்து மறுபடியும் தெளிக்க வேண்டும், முட்டையிலிருந்து வருபவை அதற்குள் வெளிவந்திருக்கும்.